வீடு தேடி வரும் டீச்சர்



2025 அக்டோபர் 2-ஆம் தேதி காந்தி ஜெயந்தி வழக்கம்போல வந்துபோனது. அதே நாளில் இன்னொன்றுக்கும் ஐம்பது வயது நிறைந்தது. பெரிய ஆரவாரம் எதுவும் என் காதில் விழவில்லை. 1975-இல் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் மட்டும் சோதனையாகத் தொடங்கிய ‘ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள்’ திட்டத்தைத்தான் சொல்கிறேன். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், நம் தெருவில் அதைப் பால்வாடி என்போம். இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேல்.

அரசு உதவி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தாலுகா அலுவலகம். மனு, ஆதார் நகல், இரண்டு போட்டோ, ‘சார் இன்னிக்கு லீவு, அடுத்த வாரம் வாங்க.’ முதியோர் உதவித்தொகையானாலும் விதவை உதவித்தொகையானாலும் வேண்டியவர்தான் போய் நிற்க வேண்டும். கேட்கத் தெரியாதவரும் கேட்கக் கூச்சப்படுகிறவரும் அந்த வரிசையிலேயே இருக்க மாட்டார்கள். இரண்டு வயதுக் குழந்தையோ எந்த வரிசையிலும் நிற்காது. அது மெலிந்துகொண்டு வருவது பெற்ற தாய்க்கே சில சமயம் தெரியாது. தினமும் பார்க்கிற முகம்தானே. யாராவது ஒருவர் தேடி வந்து, தூக்கி, எடை பார்த்துச் சொல்ல வேண்டும். பால்வாடி டீச்சருடைய வேலையின் உயிர்நாடி அதுதான் என்று நினைக்கிறேன். சோறும் முட்டையும்கூட அதற்கு அடுத்தபடிதான்.

எடை போடும் நாளில் ஒரு மையத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உத்தரத்துக் கொக்கியில் தராசு தொங்குகிறது. அதன் கீழே கால் நுழைக்க இரண்டு ஓட்டை வைத்துத் தைத்த துணித் தொட்டில். அதில் உட்கார வைத்ததும் குழந்தை வீறிட்டு அழுதபடி காலை உதைக்க, முள் அங்குமிங்கும் ஆடுகிறது. ஆயா சாவிக்கொத்தை எடுத்து ஆட்டிக் காட்டுகிறார். ஒரு கணம் அழுகை நிற்கிறது. அந்த ஒரு கணத்தில் டீச்சர் முள்ளைப் பார்த்துவிடுகிறார். வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுக்கிறார். கோடு மேலே ஏறவில்லை, படுத்துக் கிடக்கிறது.

“போன மாசமும் இதே எடைதானே? என்னம்மா, சளி கிளி பிடிச்சுதா?”

“ஆமாங்க டீச்சர், பத்து நாளா சரியாவே திங்கல.”

“சத்துமாவு பாக்கெட் வாங்கிட்டுப் போனியே, குடுத்தியா?”

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். கூட வந்த மாமியார்தான் போட்டு உடைத்தார்: “வீட்ல எல்லாருமாத்தான் சாப்பிட்டோம் டீச்சர். ருசியா இருந்துச்சு.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டீச்சரும் சிரித்தார். ஆனால் நாடாவை எடுத்துக் குழந்தையின் கையைச் சுற்றிப் பார்க்கவும் தவறவில்லை. மூன்று நிறம் போட்ட அந்த நாடாவில் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். இந்தக் குழந்தைக்கு மஞ்சள். “புதன்கிழமை தடுப்பூசி போட நர்சம்மா வருவாங்க, அவசியம் தூக்கிட்டு வா. நீ வரலேன்னா நான் வீட்டுக்கு வருவேன்” என்றார். சொன்னபடி செய்யக்கூடியவர் என்பது அந்த மாமியாரின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மாதம் தவறாமல் எடை பார்க்கும் இந்தப் பழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியதற்கு ஒரு முன்கதை உண்டு. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் நடத்திப் பார்த்தார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மாதம் ஒரு முறை எடை. சரியாக ஏறாத குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் கூடுதல் உணவு, தேறியதும் நிறுத்தம். குழந்தை நன்றாக வளர்கிறதென்றால் தாய்க்குப் பாராட்டு மட்டும்தான்! கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது சிக்கனம். எனக்கோ இதில் வேறொன்று படுகிறது. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய ஒருத்தி ஒவ்வொரு வீட்டுக் குழந்தையையும் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருந்தது. அதே ஊர்க்காரியாக, குழந்தை பெற்றவளாக இருந்தால் நல்லது என்று பார்த்துத்தான் ஆள் எடுத்தார்கள்.

இரண்டே வருடத்தில், 1982 ஜூலையில், எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது. அது எல்லாக் குழந்தைக்கும் சோறு என்றது. இரண்டும் நேரெதிர் வழிகள் என்று அன்று வல்லுநர்கள் வாதிட்டார்கள். பால்வாடியோ இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டது. இன்று இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கு மதியம் சுடச்சுடச் சாதம், வாரத்தில் மூன்று முட்டை. சிறுசுகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கோதுமை, கேழ்வரகு, பொட்டுக்கடலை, வெல்லம் சேர்ந்த சத்துமாவு. நடுவே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பெயரில் ஆட்டமும் பாட்டும். பொருளாதார அறிஞர் ழான் த்ரேஸ் உள்ளிட்ட குழுவினர் 2004-இல் ஆறு மாநிலங்களில் அங்கன்வாடிகளை நேரில் போய்ப் பார்த்தபோது தமிழ்நாட்டு மையங்கள் தனித்துத் தெரிந்தன. மையம் திறந்திருக்கும் நேரமே இங்கே அதிகமாம். திறந்த கதவுக்கு ஈடான திட்டம் ஏது?

இப்படிப்பட்ட டீச்சரைத்தான் நாம் எதற்கெல்லாமோ இழுக்கிறோம். வாக்காளர் பட்டியலா, கூப்பிடு அவரை. போலியோ சொட்டு மருந்து, அந்தக் கணக்கெடுப்பு, இந்தக் கணக்கெடுப்பு, எல்லாவற்றுக்கும் அவர்தான். மையத்தில் எழுதும் பதிவேடுகள் போதாதென்று 2021 முதல் கைப்பேசியில் ‘போஷன் டிராக்கர்’ செயலி. 2025 ஜூலையிலிருந்து, வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்குத் தாயின் முகத்தைப் படம் பிடித்து அந்தச் செயலியில் சரிபார்த்தாக வேண்டும். திருட்டைத் தடுக்க வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்து வருடமாகத் தெரிந்த முகத்தைச் சிக்னல் கிடைக்காத ஊரில் ஒரு செயலியிடம் காட்டி ஒப்புதல் வாங்கச் சொல்வது வேடிக்கைதான். அந்த அரை மணி நேரம் யாருடைய கணக்கில் கழிகிறது என்று நினைக்கிறீர்கள்? அடுத்த தெருவில் மூன்று நாளாக வராத குழந்தையின் வீட்டுக்கு அவர் போயிருக்க வேண்டிய நேரம் அது.

சம்பளத்தைச் சம்பளம் என்று சொல்லக்கூட மத்திய அரசுக்கு மனமில்லை, மதிப்பூதியம் என்கிறது. 2018-இல் அது நிர்ணயிக்கும் தொகையை 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆக்கினார்கள். தக்காளி விலை எத்தனையோ முறை ஏறி இறங்கியும் அந்தத் தொகை நகரவில்லை. தமிழக அரசு அதற்கு மேலும் சேர்த்துத் தருவதால் இங்கே சற்றுத் தேவலை. இவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்பதை 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் குஜராத்துப் பெண்கள் வழக்குப் போட்டு நடையாய் நடந்த பிறகு.

உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கப் போகிறேன். உங்கள் தெருப் பால்வாடி எங்கே இருக்கிறது தெரியுமா? நம் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன், பாதிப் பேர் விழித்தார்கள். தங்கள் பிள்ளைகள் அங்கே போவதில்லை என்பதுதான் காரணம். ஒரு முற்பகல் போய்ப் பாருங்கள். பிறந்தநாள் கேக்கோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள், அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா, மின்விசிறி சுற்றுகிறதா, மழை பெய்தால் ஒழுகுகிறதா, வாடகைக் கட்டடமா சொந்தக் கட்டடமா என்று பாருங்கள். குறை இருந்தால் அடுத்த கிராமசபையில் எழுந்து கேளுங்கள். நகரத்தில் இருந்தால் வார்டு கவுன்சிலரைப் பிடியுங்கள். டீச்சர் தானே போய்க் கேட்டால் மேலே பதில் சொல்ல வேண்டியிருக்கும். நீங்கள் கேட்டால் யார் என்ன செய்துவிட முடியும்?

பார்த்ததை எங்களுக்கும் எழுதுங்கள். நல்லதும் அல்லாததும் கலந்தே எழுதுங்கள், தேர்ந்தெடுத்து வெளியிடுகிறோம். ஊர்ப் பெயரைப் போடலாம். டீச்சரின் பெயரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பாராட்டி எழுதினாலும்கூட, ‘பத்திரிகைக்காரரை யாரைக் கேட்டு உள்ளே விட்டாய்?’ என்று நோட்டீஸ் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்