இறுக்கத்துக்கும் அளவு உண்டு

மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்குவது மும்பைக்குப் பழகிய செய்தி. அந்தத் தண்ணீரில் நின்ற பழைய புல்லட்டைப் பிரித்துப் பூட்டும்போது, போல்ட்டை முடிந்தவரை முறுக்கினால் போதும் என்ற பழக்கத்தைக் கைவிட வேண்டும். 1955 முதல் சென்னையில் உருவான அந்த வண்டியின் எஞ்சின் கூடான கிராங்க்கேஸ் அலுமினியம். அதில் ஏறும் போல்ட்டோ எஃகு. ஒரு முறுக்கு கூடினால் அலுமினிய மரை பிய்ந்து, வெள்ளிச் சுருளாகப் போல்ட்டோடு வந்துவிடும். இறுகும் போல்ட் நூலளவு நீண்டு, ஸ்பிரிங் போலப் பாகங்களைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்பேனரில் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ 10 சதவீதமே அந்தப் பிடிப்பாகிறது. மீதியை உராய்வு தின்றுவிடுகிறது. துருப்பிடித்த மரையில் போல்ட் இறுகியதுபோலத் தோன்றும், பிடிப்பு இராது. உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் தடவிய மரையில் கொடுத்தால், போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

அனுபவப்பட்ட கைக்கு, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கையின் அறிவு பெரியது. ஆனால் உராய்வையும் பிடிப்பையும் அதனால் பிரித்தறிய முடியாது. டார்க் ரெஞ்சும் உராய்வில் ஏமாறுமே என்பதும் உண்மைதான். அதனால்தான் கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்வது முதல் வேலை. பிறகு சிலிண்டர் ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில், படிப்படியாக, கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். இதற்குக் கூடுதலாகும் அரை மணி நேரம் வீணல்ல. பழைய கிராங்க்கேஸுக்கு மாற்று கிடைப்பது எளிதல்ல.