வாடகை வீட்டில் மாடி கட்டாதீர்கள்!

"ஐந்தே நிமிடத்தில் ஆப் செய்யலாம், வாருங்கள்!" என்று கூவிக் கூவி அழைக்கிறார்கள். ஆபீஸ் ஆட்கள் குழுவாகப் பேசிக்கொள்ள ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் என்று சாட் மென்பொருள்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஒட்டவைக்கும் சின்னச் சின்ன ஆப்களைச் செய்ய இப்போது கமாண்ட் லைன் கருவிகள் வந்துவிட்டன. கற்றுக்கொடுக்கிறவர்கள் கமாண்டைச் சொல்லித் தருகிறார்கள். செய்த ஆப் யாருடைய இடத்தில் நிற்கிறது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். மறதியா, வசதியா? அங்கேதான் சண்டை.

முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம். ஸ்லாக்கின் கமாண்ட் லைன் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் திரையில் "ஸ்லாக் லாகின்" என்று அடித்தால் நீளமாக ஒரு வரி வரும். அதைக் காப்பி செய்து ஸ்லாக்குக்குள் ஒட்டினால் ஒரு குறியீடு கிடைக்கும். அதைக் கொண்டுவந்து கறுப்புத் திரையில் அடித்தால் உள்ளே விட்டுவிடும். "ஸ்லாக் கிரியேட்" என்றால் மாதிரி ஆப் ஒன்று ஃபோல்டரில் வந்து உட்காரும். "ஸ்லாக் ரன்" என்றால் அது உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடும். கோடைத் திருத்தினால் உடனே சாட்டில் தெரியும். பெயர், என்னென்ன அனுமதி வேண்டும் என்பதெல்லாம் மேனிஃபெஸ்ட் என்ற கோப்பில் இருக்கும். முன்பெல்லாம் இதற்கு இணையத்தில் பத்துப் பக்கம் திறந்து பத்துப் பெட்டியில் டிக் அடிக்க வேண்டும். நல்ல கருவிதான், அதில் குறையே இல்லை.

"இதெல்லாம் பி.இ. படிக்கிறவர்கள் சமாச்சாரம், பி.காம்.காரனுக்கு எதற்கு?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அச்சரப்பாக்கம் கடைத்தெருவில் ஒரு சின்ன வரி ஆலோசகர் ஆபீஸ் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் வேலை, அறுபது கடைக்காரர்கள் கணக்கு. மாதாமாதம் கணக்குக் கொடுப்பவர்களுக்கு 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20ஆம் தேதிக்குள் 3பி. (ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்துகொண்டு ஜி.எஸ்.டி.க்குத் தப்ப முடியுமா என்ன!) யார் பில் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று 8ஆம் தேதியே ஆபீஸ் சாட்டில் பட்டியல் போடும் ஒரு ஆப் இருந்தால் எவ்வளவு நிம்மதி! இன்னதைக் கேட்க வேண்டும், இன்ன தேதியில் கேட்க வேண்டும் என்பது வணிகவியல் படித்தவனுக்குத்தான் தெரியும். கோட் அவன் கையில் இருப்பதுதான் நியாயம். ஆகவே கறுப்புத் திரையைக் கண்டு ஓடுகிறவர்களுக்கு இங்கே ஆதரவு கிடையாது.

கேள்வி அடுத்த கட்டத்தில் வருகிறது. அந்தப் பட்டியல் எங்கே சேமிக்கப்படுகிறது? ஆப் எந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஓடுகிறது? நாளைக்கு அந்தக் கம்பெனி விதியை மாற்றினால் ஆபீஸ் என்ன செய்யும்?

"அப்படியெல்லாம் நடக்காது" என்பார்கள். நடந்திருக்கிறது ஐயா, வரிசையாக நடந்திருக்கிறது. ஹிப்சாட் என்று ஒரு சாட் இருந்தது, நினைவிருக்கிறதா? 2018 ஜூலையில் அட்லாசியன் அதைப் போட்டியாளரான ஸ்லாக்கிடமே விற்றது. 2019 பிப்ரவரியில் மூடியது. அதற்காக எழுதப்பட்ட ஆப்கள் எல்லாம் அன்றோடு காலி. 2024 மே மாதம் மெட்டா தன் வொர்க்பிளேஸை மூடப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் மைக்ரோசாஃப்ட், டீம்ஸில் பலர் நம்பியிருந்த கனெக்டர்களைச் சில மாதங்களில் நிறுத்துவதாகச் சொன்னது. கூச்சல் எழுந்த பிறகுதான் கெடுவைத் தள்ளிப்போட்டது.

ஸ்லாக் கதைக்கு வருவோம். 2021இல் சேல்ஸ்ஃபோர்ஸ் அதை வாங்கியது. 2022 செப்டம்பரிலிருந்து இலவசக் கணக்கில் 90 நாள் செய்திகளை மட்டுமே பார்க்க முடியும் என்றானது. 2025 மே இறுதியில் இன்னொரு விதி. ஸ்லாக்கின் சந்தையில் ஒப்புதல் பெறாமல் வெளியே விற்கப்படும் புதிய ஆப்கள், பழைய உரையாடலை நிமிடத்துக்கு 1 முறைதான் கேட்கலாம், முறைக்கு 15 செய்திதான். கணக்குப் போடுங்கள்: 3,000 செய்தியை வாசிக்க 200 நிமிடம்! சொந்த ஆபீஸுக்காகச் செய்யும் ஆப்களுக்கு இது பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு மாணவன் நாலு ஆபீஸுக்கு விற்கலாம் என்று கிளம்பினால் அன்றே அவன் இந்த வலையில் விழுகிறான்.

அதைவிடப் பெரிய பாடம் 2025 செப்டம்பரில் நடந்தது. அமெரிக்காவின் ஹேக் கிளப், பள்ளி வயதுப் பிள்ளைகள் கோட் எழுதக் கற்கும் லாப நோக்கமற்ற அமைப்பு. 11 வருடமாக ஸ்லாக்கில் குடியிருந்தது. பிள்ளைகள் தங்கள் ஆப்களை எல்லாம் அதன்மேல்தான் கட்டியிருந்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 5,000 டாலர் கட்டிவந்த அவர்களிடம், சில நாட்களுக்குள் 50,000 டாலர் கொடு, இனி ஆண்டுக்கு 2,00,000 டாலர் என்று கேட்டார்கள். இல்லாவிட்டால் கதவு மூடப்படும், பழைய செய்திகளும் போகும். விஷயம் இணையத்தில் தீயாகப் பரவிய பிறகு ஸ்லாக் பின்வாங்கியது. அவர்களுக்குச் சத்தம் போட உலகமே கூடியது. அச்சரப்பாக்கத்து நாலு பேர் ஆபீஸுக்கு யார் கூடுவார்கள்?

"அதனால்தான் சொல்கிறோம், சுதேசி!" என்று அடுத்த அணி கிளம்பும். ஸோகோ இதே ஜி.எஸ்.டி. ரோட்டில், கூடுவாஞ்சேரி பக்கத்து வல்லஞ்சேரியில்தான் இருக்கிறது. அச்சரப்பாக்கத்தில் ரயில் ஏறினால் அதே தடத்தில் போய்விடலாம். 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி உலகம் முழுக்க விற்கும் கம்பெனி, பெருமைதான். அவர்களின் கிளிக் சாட்டிலும் பாட் செய்யலாம். அதற்கு டெலூஜ் என்று அவர்களே உருவாக்கிய மொழி இருக்கிறது, கற்க எளிது. ஆனால் டெலூஜில் எழுதிய கோட் ஸோகோவின் சர்வரில்தான் ஓடும், வேறெங்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது. வீட்டுக்காரர் அடுத்த தெருக்காரர் என்பதால் வாடகை வீடு சொந்த வீடு ஆகிவிடுமா? (கிளிக்கில் பாட்டை வெளி சர்வரில் ஓடவைக்கவும் வழி இருக்கிறது. பயிற்சியில் அதையும் சேர்த்துச் சொல்லலாமே?)

அச்சரப்பாக்கத்துக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊர்ப் பெயரே சாட்சி. திரிபுரம் எரிக்கச் சிவன் கிளம்பிய தேருக்குச் சூரிய சந்திரர் சக்கரம், நான்கு வேதங்கள் குதிரை. அத்தனை இருந்தும் அச்சு இற்றுப்போன இடம் இது என்கிறது தலபுராணம். முதலில் கேட்க வேண்டியவரைக் கேட்காமல் கிளம்பியதுதான் காரணமாம். ஆப் விஷயத்திலும் முதலில் கேட்க வேண்டியது அச்சைப் பற்றித்தான். தேர் எவ்வளவு அழகு என்பது அப்புறம்.

"சொந்த சர்வர் வைக்க நாலு பேர் ஆபீஸால் ஆகுமா? இலவசமாகக் கிடைப்பதை விடச் சொல்கிறீர்களா?" நியாயமான கேள்வி. விடச் சொல்லவில்லை. வாடகை வீட்டில் குடியிருப்பது தப்பே இல்லை, பாதி ஊர் அப்படித்தான் இருக்கிறது. மாடி கட்டுவதுதான் தப்பு! குடியிருக்கிறவன் பீரோவைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். அதற்கு மூன்றே விஷயம் போதும்.

ஒன்று, கணக்கு சாட்டுக்குள் இருக்கக்கூடாது. பில் பட்டியல் ஆபீஸின் சொந்தக் கோப்பில், சொந்த டேட்டாபேஸில் இருக்கட்டும். சாட் வெறும் வாய், நினைவு வேறு இடம்.

இரண்டு, "யார் பில் தரவில்லை" என்று கண்டுபிடிக்கும் பகுதியைப் பைத்தான் போன்ற பொது மொழியில் தனியாக எழுதுங்கள். சாட்டுக்குச் செய்தி அனுப்பும் பகுதி பத்து இருபது வரியில் தனியாக இருக்கட்டும். வீடு மாறினால் அந்த இருபது வரியை மட்டும் மாற்றினால் போதும். ஸ்லாக்கின் கருவியே இப்போது பைத்தானில் எழுதிச் சொந்த இடத்தில் ஓடவிட இடம் கொடுக்கிறது.

மூன்று, ஒரே ஆப்பை ஒரு முறையாவது ஜூலிப், மேட்டர்மோஸ்ட் போன்ற திறந்த மூலச் சாட்டில் ஓட்டிப் பாருங்கள். ஜூலிப் 2015 முதல் திறந்த மூலம். அங்கே ஓடாத ஆப் உங்களுடையது அல்ல என்று தெரிந்துகொள்ளலாம்.

இதற்கெல்லாம் ஆங்கிலம் தடை என்று சாக்கு வேண்டாம். கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவருகிறது. குனு/லினக்ஸ் கமாண்டுகளை எளிய தமிழில் சொல்லும் மின்னூலும் இலவசமாகக் கிடைக்கிறது.

வணிகவியல் மாணவனுக்கு ஒப்பந்தச் சட்டம் பாடமாக இருக்கிறது. கையெழுத்துக்கு முன் ஷரத்தைப் படி என்று ஆசிரியர்கள் தொண்டை வறளச் சொல்கிறார்கள். அதே மாணவன் பயிலரங்கத்தில் உட்கார்ந்து "ஏற்கிறேன்" பட்டனைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினால் படித்தது எதற்கு? அடுத்த முறை யாராவது "ஐந்தே நிமிடத்தில் ஆப்" என்று வந்தால் கற்றுக்கொள்ளுங்கள், சந்தோஷமாகக் கற்றுக்கொள்ளுங்கள். கடைசியில் கையைத் தூக்கி ஒன்றே ஒன்று கேளுங்கள்: "சார், இதைக் காலி செய்துகொண்டு போக எத்தனை நிமிடம் ஆகும்?"