அலுமாரி யாருடையது?

ஞாயிறுதோறும் அடுக்களையையும் பிள்ளை வளர்ப்பையும் பற்றி எழுதிவரும் நாம் இவ்வாரம் கந்தோர் விஷயமொன்றை எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பை அளிக்கலாம். ஆயின், நம் பெண்மக்களிற் பலர் இன்று காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, மாலைவரை கம்பியூட்டரின் முன் அமர்ந்து உழைக்கின்றனர். அவ்வுழைப்பு எவ்விடத்திற் சென்று தங்குகின்றது, அவ்விடத்தின் திறப்பு யார் கையில் இருக்கின்றது என்பதை அவர்களிற் பலர் சிந்தித்துப் பார்ப்பதில்லை. ஐந்து வருடம் பாடுபட்டு ஆக்கியவை யாவும், வேலையை விட்டு விலகிய மறுவாரமே அழிந்துபோதல் கூடும். அது எவ்வாறு நேர்கின்றதென்பதையே இங்கு கூற விரும்புகின்றோம்.

கம்பெனி ஒன்றின் விற்பனை, சம்பளம், களஞ்சிய இருப்பு ஆகிய யாவும் இந்நாளிற் பெரியதொரு தரவுத்தளத்தில் இலக்கங்களாகக் குவிந்து கிடக்கின்றன. அக்குவியலை நேரே பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. இன்ன கிளையில் இன்ன மாதத்தில் இவ்வளவு விற்றது என்று அட்டவணையாகவும் வரைபடமாகவும் எடுத்துக் காட்டுவதே அறிக்கை மென்பொருளின் தொழில். அத்தகைய மென்பொருள்கள் பல உள. அவற்றுள் நாம் உதாரணமாகக் கொள்வது பிஸ்னஸ் ஒப்ஜெக்ட்ஸ் என்பதாகும். 1990இல் பிரான்சில் தோன்றிய கம்பெனி ஒன்று இதனை ஆக்கியது. 2008இல் அக்கம்பெனி ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் வசமாயிற்று. பெரிய நிறுவனங்களிற் பரவலாக வழங்குவதாலும், ஆவணங்களை வைக்கும் இடத்தைப் பற்றியும் ஆட்களின் கணக்குகளைப் பற்றியும் இதன் விதிகள் தெளிவாக எழுதப்பட்டிருப்பதாலும் இதனைத் தேர்ந்தோம்.

இம்மென்பொருளில் அறிக்கையை வைப்பதற்கு இருவகை இடங்கள் உண்டு. ஒன்று பொதுக் கோப்புறை; உரிமை பெற்றவர் எல்லோரும் திறந்து பார்க்கக்கூடியது. மற்றையது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அமைந்த சொந்தக் கோப்புறை. நெடுங்காலம் இதற்கு 'பேவரிட்ஸ்' என்று பெயர் இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண், அறிக்கை ஒன்றைப் பழகிப் பார்க்கும்போது அதைச் சொந்தக் கோப்புறையில் வைப்பாள். அது இயல்பே; அரைகுறை வேலையைப் பிறர் பார்ப்பதை யார்தான் விரும்புவர்? பின்னர் மேலதிகாரி அதைக் கண்டு மெச்சி, "இதனை மாதந்தோறும் தாருங்கள்" என்பார். அவளும் தருவாள். ஒன்று இரண்டாகி, இரண்டு இருபதாகும். ஆனால் அவை யாவும் அந்தப் பழைய இடத்திலேயே கிடக்கும். அதனைப் பொதுவிடத்துக்கு மாற்றும்படி ஒருவரும் சொல்வதில்லை.

பிறகு அவளுக்குக் கலியாணமாகிறது. அல்லது வேறு வேலை கிடைக்கிறது. விலகிச் சென்றவரின் கணக்கைத் திறந்து வைத்திருத்தல் ஆபத்தென்பதை அறிந்த கம்பியூட்டர் நிர்வாகி, அக்கணக்கை நீக்கிவிடுகின்றார். நீக்கும்போது அவளுடைய சொந்தக் கோப்புறையும், அவளுக்கு வந்த அறிக்கைகள் தங்கியிருந்த பெட்டியும், அவள் வகுத்துக்கொண்ட பிரிவுகளும் உடன் நீங்கிவிடும். இது மென்பொருளின் பிழையன்று. நிர்வாகிகளுக்கான கைந்நூலிலேயே இவ்வாறு நிகழுமென்று கூறப்பட்டுள்ளது. அடுத்த மாதம் அறிக்கையைக் காணாமல் மேலதிகாரி தேடும்போதுதான் காரியம் வெளிப்படும். "போகும்போது அழித்துவிட்டுப் போய்விட்டாளே" என்ற வசை, யாதுமறியாத அப்பெண்ணின் மேல் விழும். இந்த அநியாயத்தையே நாம் முக்கியமாகக் கருதுகின்றோம்.

இதனைத் தடுக்கும் வழி மிக எளிது. கணக்கை நீக்காமல் முடக்கி வைக்கலாம். முடக்கிய கணக்கின் மூலம் ஒருவரும் உள்ளே நுழைய இயலாது. ஆனால் உள்ளே இருப்பவை அப்படியே இருக்கும். வேண்டியவற்றை நிர்வாகி ஆறுதலாகப் பொதுக் கோப்புறைக்கு மாற்றியபின் நீக்குதலைப் பற்றி யோசிக்கலாம். பொதுக் கோப்புறையில் வைத்தவையோ, வைத்தவரின் கணக்கு நீங்கினாலும் நிலைத்திருக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. திரையில் நாம் காணும் கோப்புறைகள், உண்மையில் இயந்திரத்தின் தட்டில் உள்ள கோப்புறைகள் அல்ல. கச்சேரிப் பதிவறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் ஒரு பதிவேடு இருக்கும். உள்ளே இறாக்கைகளிற் கட்டுக்கட்டாகக் காகிதம் இருக்கும். அறிக்கையின் பெயர், அதன் உடைமையாளர், பார்க்க உரிமையுடையோர் என்பனவெல்லாம் பதிவேட்டில், அதாவது மைய நிர்வாகச் சேர்வரின் தரவுத்தளத்தில் உள்ளன. அறிக்கையின் கோப்போ வேறோர் இடத்தில் உள்ளது. அங்கே அதற்கு நாம் இட்ட பெயர் இராது. எழுத்தும் இலக்கமும் கலந்த விசித்திரமான பெயரொன்றே இருக்கும். அவ்விடமும் இரு கூறானது: மூல அறிக்கைகள் ஒன்றில், குறித்த நேரத்தில் ஓடவிட்டுப் பெறும் பிரதிகள் மற்றையதில்.

இதை அறியாத உற்சாகமுள்ள இளைஞர் ஒருவர், தட்டில் இடம் போதவில்லையென்று அந்த விசித்திரப் பெயருள்ள கோப்புகளைக் கையால் நீக்கினால் யாது நிகழும்? பதிவேட்டில் அறிக்கை இருப்பதாகவே காட்டும். திறந்தால் ஒன்றும் வராது. இடம் மிஞ்ச வேண்டுமாயின், இத்தனை பிரதிகளுக்கு மேல் வேண்டாம், அல்லது இத்தனை நாளுக்கு மேல் வேண்டாம் என்று மென்பொருளினுள்ளேயே எல்லை விதிக்கலாம். அதுவே முறை. காப்புப் பிரதி எடுக்கும்போதும் பதிவேட்டையும் கோப்புகளையும் ஒரே வேளையில் எடுத்தல் வேண்டும். திங்கட்கிழமைப் பதிவேடும் வெள்ளிக்கிழமைக் கோப்பும் ஒன்றோடொன்று பொருந்தா.

இனி, யார் எதைப் பார்க்கலாம் என்பதைப் பார்ப்போம். உரிமையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கொடுக்கப் புகுந்தால் நிர்வாகிக்கு ஆயுள் போதாது. ஆகையால் குழுக்களாக வகுத்துக் கொடுப்பர். ஓர் உரிமை அளிக்கப்பட்டிருக்கலாம், மறுக்கப்பட்டிருக்கலாம், ஒன்றும் சொல்லாமல் விடப்பட்டிருக்கலாம். சொல்லாமல் விட்டதும் இல்லையென்றே கொள்ளப்படும். ஒருவர் இரு குழுக்களில் இருந்து, ஒன்று அளிக்க மற்றையது மறுக்குமாயின், மறுப்பே வெல்லும். இவ்விதிகள் கண்டிப்பானவையாகத் தோன்றினும் நல்லவையே. ஆனால் 'எல்லோரும்' என்ற பொருளில் ஒரு குழு உண்டு. புதிதாகக் கணக்குப் பெறும் ஒவ்வொருவரும் தாமாகவே அதிற் சேர்ந்துவிடுவர். அவசரத்தில் அக்குழுவுக்குச் சம்பள அறிக்கையைப் பார்க்கும் உரிமையைக் கொடுத்துவிட்டால், நாளைக்கு வேலைக்கு வரும் பயிலுநரும் முகாமையாளரின் சம்பளத்தைப் பார்ப்பார். அதன்பின் அந்தக் கந்தோரில் நிம்மதி ஏது?

பிரசவ விடுமுறையிற் செல்லும் பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. "உன் கடவுச்சொல்லைத் தந்துவிட்டுப் போ, நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம்" என்று அன்பாகக் கேட்பார்கள். கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம். இருப்பினும் கொடுத்தல் ஆகாது. யார் எந்நேரத்தில் எதைத் திறந்தார் என்பதைக் குறித்துவைக்கும் வசதி இம்மென்பொருளில் உண்டு. அக்குறிப்பில் விழுவது கணக்கின் பெயரேயன்றி விரலை வைத்தவரின் பெயரன்று. தொட்டிலின் அருகே நீங்கள் இருக்கும் வேளையில், கணக்காய்வாளரின் தாளில் உங்கள் பெயர் ஏறியிருக்கும். பதிலாக வருபவருக்கு அக்கோப்புறையில் உரிமை அளிக்கும்படி நிர்வாகிக்கு இரண்டு வரி எழுதிவிட்டுச் செல்லுங்கள். சில கந்தோர்களில் உரிமக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதற்காகவே பலர் ஒரே கணக்கைப் பாவிக்கும் வழக்கமும் உண்டு. சிக்கனம் நல்லதுதான், ஆனால் குற்றம் ஒன்று நேர்ந்தால் அதில் மிச்சம் பிடித்த காசு ஒரு நாள் விசாரணைக்கும் போதாது.

நிரந்தரமாக விலகுபவர், கடைசி வாரத்திற் செய்ய வேண்டியது அதிகமில்லை. சொந்தக் கோப்புறையில் உள்ளவற்றுள் கந்தோருக்கு வேண்டியவற்றைப் பொதுக் கோப்புறைக்கு மாற்றி, அவற்றின் பெயர்களை ஒரு தாளிலெழுதி மேலதிகாரியிடம் கையொப்பம் பெற்றுக்கொள்ளவேண்டும். மாதந்தோறும் தாமாக ஓடும் அறிக்கைகள் எவை எவை தம் பெயரில் ஓடுகின்றன என்பதையும் அத்தாளிற் குறிக்க வேண்டும். இது பெரும்பாலும் மறக்கப்படுவது.

தாம் ஆக்கிய அறிக்கைகளின் பிரதிகளை வீட்டுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பாரும் உளர். அனுமதியின்றிக் கூடாது; அவற்றிலுள்ள இலக்கங்கள் கம்பெனிக்கு உரியவை. ஆயின் அட்டவணையை எவ்வாறு அமைத்தோம், எந்தக் கணக்கை எங்ஙனம் சுருக்கினோம் என்பதைப் பற்றித் தாம் கற்றுக்கொண்டதை, கம்பெனியின் இலக்கமொன்றும் சேராமல், சொந்தக் கொப்பியொன்றில் எழுதிவைத்தல் வேறு விஷயம்.