மனநல மருத்துவமனை திறக்க வழிவிடுங்கள்



சிறு நகரங்களில் மனநல சிகிச்சை கிடைக்காதது குறித்துத் உங்கள் இதழில் வெளியான கட்டுரையை முழுமையாக ஏற்கிறேன். மருத்துவர் இருந்தும் மருத்துவமனை திறக்க முடியாமல் தவிப்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் மகள் மனநல மருத்துவர். திண்டிவனத்தில் சில படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்க முனைந்தாள். விழுப்புரத்தில் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் ஒரு பதிவு. நோயாளிகளைச் சேர்ப்பதால் மாநில மனநல ஆணையத்தில் தனிப்பதிவு. தீயணைப்பு, மருத்துவக் கழிவு அனுமதிகள் வேறு. இவை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 2001இல் ஏர்வாடிக் காப்பகத் தீயில் 28 மனநோயாளிகள் மாண்டதையும், நம் மாவட்டக் குண்டலப்புலியூரில் உரிமமின்றி நடந்த காப்பகம் 2023இல் வெளிச்சத்துக்கு வந்ததையும் மறக்க முடியுமா?

ஆனால் இந்த அனுமதிகளைவிடக் காப்பீடுதான் பெரும் வேதனை. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு. ஆனால் ரொக்கமில்லா சிகிச்சைக்கு ஒப்பந்தம் கேட்டு ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதினால் மாதக்கணக்கில் பதிலே இல்லை. ஒப்பந்தம் கிடைத்தாலும், பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரம் படுக்கையில் இருந்தால்தான் பணம் தருகின்றன. மனச்சோர்வோடு வருபவர்களில் பலருக்குத் தேவை மாதாமாதம் ஆலோசனையும் மாத்திரையும்தானே!

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதம் ஒரு நாள் எல்லாத் துறையினரும் ஒன்றாக அமர்ந்து பதிவு, அனுமதி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கலாம். ஒப்பந்த விண்ணப்பங்களுக்கு 30 நாளில் எழுத்துப்பூர்வமாகப் பதில் தரவும், புறநோயாளி செலவைச் சேர்க்கவும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகர், திண்டிவனம்