விளையாட்டும் சூதும் ஒன்றா?

இவ்வாண்டு இலக்கிய மன்றத்தில் நடந்த பட்டிமன்றத்தை நம் பள்ளி மாணவியர் மறந்திருக்க மாட்டார்கள். "வீடியோ விளையாட்டுகளால் மாணவ சமுதாயத்திற்கு விளைவது நன்மையா, தீமையா?" என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் 'நன்மை' அணி எங்கள் மூவருக்கு வந்தது. உண்மையைச் சொன்னால், சீட்டே போடாவிட்டாலும் நாங்கள் அந்த அணியைத்தான் கேட்டிருப்போம். தோற்றுப்போனோம். எதிரணித் தோழியர் கேட்போர் கண்களில் நீர் வரும்படி பேசினார்கள். எங்களுக்கோ பேச்சு பாதியில் நிற்கும்போதே மணி அடித்துவிட்டது. அன்று தொண்டையிலேயே நின்றுவிட்ட மீதிப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறோம். அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் பெற்றோர்களும் சற்றுப் பொறுமையோடு படிக்குமாறு வேண்டுகிறோம்.

எதிரணியின் பலமான வாதம், கைப்பேசியில் விளையாடிப் பணத்தை இழந்த குடும்பங்களைப் பற்றியது. அது பொய்யன்று. அதற்காகவே தமிழக அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2022ஆம் ஆண்டு ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் அவசரச் சட்டமும், பின்னர் சட்டமன்றத்தில் மசோதாவும் வந்தன. ஆளுநர் 2023 மார்ச்சில் மசோதாவைத் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் அதை மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் அது சட்டமாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றுக்கு அத்தடை பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 பிப்ரவரியில், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளில் 18 வயது நிரம்பாதவர் சேரக் கூடாது, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை யாருமே ஆடக் கூடாது என்று விதிகள் வந்தன. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே சட்டம் இயற்றி, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எதுவும் கூடாது என்று முடிவு கட்டியது. அதே சட்டம் மின் விளையாட்டுப் போட்டிகளைத் தனியே பிரித்து அவற்றுக்கு ஓர் இடமும் கொடுத்தது. இந்தப் பின்பாதியை எதிரணித் தோழியர் மேடையில் சொல்லவில்லை. நாங்களும் சொல்ல மறந்துவிட்டோம் என்பது வேறு கதை.

இத்தனை ஆண்டுகளும் பெரியவர்கள் திரும்பத் திரும்ப வழக்காடியது, ரம்மி திறமையா அதிர்ஷ்டமா என்பதைப் பற்றியே. உச்ச நீதிமன்றம் 1967ஆம் ஆண்டிலேயே அதைத் திறமை ஆட்டம் என்று கூறியிருக்கிறதாம். எங்கள் சிற்றறிவுக்கு இக்கேள்வியே தவறாகத் தோன்றுகிறது. திறமைசாலியிடம் தோற்றுப் பணத்தை இழந்தவனுடைய வீட்டில் அடுப்பு எரிந்துவிடுமா? பாரதக் கதையில் சகுனி திறமைசாலிதான். அதனால் தருமனுக்கு என்ன ஆறுதல்?

தருமன் உருட்டிய பகடையும் எங்கள் பாட்டிமார் திண்ணையில் உருட்டிய தாயக்கட்டையும் பிறப்பால் உறவுதானே? தாயத்தில் காய் வெட்டுப்பட்டால் ஒரு வேளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவே. திருமறையிலும் இதைக் காணலாம். சிலுவையடியில் படைவீரர்கள் ஆண்டவரின் அங்கிக்காகச் சீட்டுப் போட்டார்கள். அதற்குச் சில வாரங்களுக்குப் பின், யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்கத் திருத்தூதர்களும் சீட்டுத்தான் போட்டார்கள். சீட்டின் மேல் என்ன குற்றம் இருக்கிறது? எங்களைப் பட்டிமன்றத்தில் தோற்கும் அணிக்கு அனுப்பியதும் ஒரு சீட்டே. அதன் மேல் எங்களுக்கு வருத்தமில்லை.

இனி, மேடையில் சொல்ல முடியாமற்போனதைச் சொல்கிறோம். எங்கள் மூவரில் ஒருத்தியின் வீட்டில் இது நடந்தது. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம், பெயர் வேண்டாம். 2024ஆம் ஆண்டு, ஒட்டன்சத்திரம் சந்தையில் முருங்கைக்காய் விற்று வந்த பணத்தில், அடகு வைத்த நகையை மீட்பதற்கென்று அவள் அப்பா 62,000 ரூபாய் சேர்த்து, அண்ணன் பெயரில் இருந்த வங்கிக் கணக்கில் போட்டு வைத்திருந்தார். அண்ணன் போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு இரவெல்லாம் சீட்டு ஆடினான். முதல் வாரம் 300 ரூபாய் ஜெயித்தானாம். தங்கைக்கு வளையல் கூட வாங்கிக் கொடுத்தான். ஏழாவது வாரம் கணக்கில் இருந்தது 41 ரூபாய். அன்று முதல் அம்மாவும் அண்ணனும் நேருக்கு நேர் பேசுவதில்லை. சோற்றை வைத்துவிட்டு அம்மா உள்ளே போய்விடுவார்.

எதிரணியினர் "சூதாடிக் கெட்ட வீடு" என்று உரத்துச் சொன்னபோது, எங்களுக்காகப் பேச வேண்டிய அவள் வாய் திறக்காமல் நின்றாள். நாங்கள் பதில் தெரியாமல் நின்றதாக எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள். அவளிடம் பதில் இருந்தது. "அண்ணன் அந்த ஏழு வாரமும் ஒரு நாளும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் ஆடுவதற்குப் பெயர் விளையாட்டா?" என்று பின்னால் எங்களிடம் கேட்டாள். நாங்கள் படித்த எந்தத் தீர்ப்பும் இவ்வளவு தெளிவாக இல்லை. ஆனால் அதன் பிறகு அவள் வீட்டில் கைப்பேசியைத் திண்டுக்கல் பூட்டுப் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். பாடம் பார்ப்பதற்கும் அவளுக்குக் கிடைப்பதில்லை. அண்ணன் செய்த தவற்றுக்குத் தங்கைக்கும் தண்டனை. இது முறைதானா என்று பெற்றோர்களைக் கேட்கிறோம்.

அடுத்த குற்றச்சாட்டு, இவ்விளையாட்டுகள் வன்முறையைக் கற்பிக்கின்றன என்பது. 1976ஆம் ஆண்டில் 'டெத் ரேஸ்' என்ற காரோட்டும் விளையாட்டு அமெரிக்காவில் வந்த நாள்முதல் இந்தச் சண்டை ஓயவில்லை. அதைப் பார்த்தால் இன்று சிரிப்புத்தான் வரும், அத்தனை கோடும் புள்ளியுமான படம். 2011ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிறுவர்களுக்கு வன்முறை விளையாட்டுகளை விற்கக் கூடாதென்ற கலிபோர்னியா மாநிலச் சட்டம் செல்லாது என்று கூறி, தேவதைக் கதைகளிலும் கொடுமைகள் உண்டே என்று எடுத்துக்காட்டியது. எங்கள் கருத்து அந்த அளவுக்குப் போகவில்லை. ஏழு வயதுத் தம்பி துப்பாக்கி விளையாட்டு ஆடுவதை நாங்களும் விரும்பமாட்டோம். அதற்காக, பப்ஜி ஆடுகிறவன் எல்லாம் ரவுடியாவான் என்பதும் பேச்சன்று. நம் கடைவீதியில் மாலையில் நான்கு பையன்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்து, "பின்னாடி வர்றான்டா" என்று கத்துவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவனும் இதுவரை யாரையும் அடித்ததாகத் தெரியவில்லை.

அந்த வரிசையில் ஒரு பெண்ணாவது உட்கார்ந்து பார்த்ததுண்டா? எங்களுக்கு மெய்யாகவே மனக்குறை இங்கேதான். வீட்டில் ஒரே கைப்பேசி. அது தம்பி கையில் இருந்தால் "சின்னப் பையன், விளையாடட்டும்". எங்கள் கையில் இருந்தால் "பாத்திரம் கிடக்கிறது, என்ன போன் வேண்டியிருக்கிறது?" அப்படியும் கிடைத்த அரை மணியில் நாங்கள் ஆடியிருக்கிறோம், ஆண் பெயரை வைத்துக்கொண்டு. அருட்சகோதரிகள் மன்னிக்க வேண்டும், இது பொய் சொல்லும் ஆசையால் செய்ததன்று. குழுவாக ஆடும் விளையாட்டுகளில் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்கலாம். முகம் தெரியாத மறுமுனைப் பையன்கள் பெண்குரல் கேட்டதும் பேசுகிற பேச்சை இந்த மலரில் அச்சிட முடியாது. ஆகவே ஒலிவாங்கியை அணைத்துவிட்டு ஊமையாக ஆடுவோம். ஒருமுறை நாங்கள் நன்றாக ஆடியதைக் கண்டு, "அண்ணே, சூப்பர்" என்று ஒருவன் எழுதினான். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தால் அவ்வளவு மகிழ்ச்சியாக இல்லை. விளையாட்டைக் குறை கூறும் பெரியவர்கள் துப்பாக்கிச் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறார்களேயன்றி, இந்தப் பேச்சைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அந்தப் பையன்களும் யாரோ ஒரு பள்ளியில் படிக்கிறவர்கள், யாரோ ஒரு தாய் பெற்றவர்கள்தானே?

நேரத்தைப் பற்றி எதிரணியினர் கூறியதை ஒப்புக்கொள்கிறோம். உலகச் சுகாதார நிறுவனம் 'விளையாட்டுக் கோளாறு' என்பதை ஒரு நோயாகவே ஏற்று, 2022 ஜனவரி முதல் தன் நோய்ப் பட்டியலில் நடைமுறைக்குக் கொண்டு வந்துள்ளது. ஆனால் ஒருநாள் மூன்று மணி நேரம் ஆடியவனை அது நோயாளி என்று கூறவில்லை. தன்னைத்தான் அடக்க இயலாமை, மற்ற வேலைகளை எல்லாம் விட்டு அதையே முதலாகக் கொள்ளுதல், கேடு வந்த பின்னும் விடாமை ஆகியவை பெரும்பாலும் ஓராண்டேனும் நீடித்தால்தான் அந்தப் பெயர். சீன அரசு 2021 செப்டம்பர் முதல், 18 வயதுக்கு உட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் மட்டும் இரவு 8 மணி முதல் 9 மணி வரை ஆடலாம் என்று கட்டளையிட்டது. நம் நாட்டில் 2021ஆம் ஆண்டு பப்ஜிக்குப் பதிலாக வந்த விளையாட்டோ, சிறுவர்கள் நாளொன்றுக்கு 3 மணி நேரம் ஆடலாம், 7,000 ரூபாய் வரை செலவிடலாம் என்று எல்லை வகுத்தது! நாளொன்றுக்கு ஏழாயிரமாம். கன்னிவாடியில் எந்தப் பிள்ளைக்கு அந்த எல்லை தேவைப்படும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

கட்டளையில்லாமல் தானே எல்லை வகுத்துக்கொண்ட ஒருவரை நாங்கள் அறிவோம். 1991ஆம் ஆண்டு லண்டனில் பிறந்து மிலான் நகரில் வளர்ந்து, 2006ஆம் ஆண்டு இரத்தப் புற்றுநோயால் எங்கள் வயதாகிய 15இலேயே இறைவனடி சேர்ந்த கார்லோ அக்குதிஸ். கணினியில் வல்லவரான அவர், நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் கண்காட்சி அமைத்தவர். வீடியோ விளையாட்டுகளில் அவருக்கு மிகுந்த ஆசை. ஆயினும் வாரத்திற்கு ஒரு மணி நேரமே ஆடுவதென்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டார் என்று அவர் வரலாற்றில் கூறப்படுகிறது. 2025 செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை 14ஆம் லியோ அவரைப் புனிதராக உயர்த்தினார். பீடத்தில் வைக்கப்பட்ட புனிதர் ஒருவர் வீடியோ விளையாட்டு ஆடியிருக்கிறார் என்ற செய்தியை மேடையில் சொல்லப் போகும்போதுதான் எங்களுக்கு அந்த மணி அடித்தது. வாரத்திற்கு ஒரு மணி நேரம் எங்களால் இயலுமா என்று கேட்காதீர்கள். முயன்றோம், இரண்டு வாரம் தாங்கியது.

முடிப்பதற்கு முன் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'வெண்பா' என்பது அதன் பெயர். அலகிட்டு வாய்பாடு காணச் சொல்லி எங்களை அழவைக்கும் வெண்பா அன்று. கனடாவில் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்டது. 2024ஆம் ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில், முதல் படைப்புக்கான விருதைப் பெற்றது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன வெண்பா என்ற தமிழ்ப் பெண், அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. இதில் சுடுவது இட்லியும் தோசையுமே. தாய் கொடுத்த சமையல் குறிப்பு நோட்டில் எழுத்துகள் அழிந்துபோயிருக்கும். விடுபட்டதை நாம் யோசித்துச் சமைக்க வேண்டும். மகன் வளர வளர, உடன் படிப்பவர்கள் முன் வெட்கப்பட்டுத் தாயின் சமையலையும் தமிழையும் ஒதுக்குகிறான். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறிய விளையாட்டு.

கோவையில் கல்லூரியில் படிக்கும் சித்தப்பா மகள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தன் மடிக்கணினியோடு வந்திருந்தபோது, முன்பு சொன்ன எங்கள் தோழி அதை ஆடினாள். நாங்கள் இருவரும் பக்கத்தில் இருந்தோம். முதலில் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினாலும் சரியாக வரவில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அவள் அம்மா, "குழிக்கு மேல குழி வந்தா ஆவி எப்படிடீ ஏறும்? தட்டை மாத்தித் திருப்பி வை" என்றார். திருப்பி வைத்தோம், வெந்துவிட்டது. கைப்பேசியைப் பூட்டி வைத்த அதே அம்மா, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்து உட்கார்ந்தார். புட்டுக் குழாய்க்கும் அவரே யோசனை சொன்னார். கவின் தாயிடம் ஆங்கிலத்தில் எரிந்து விழும் இடத்தில் ஒன்றும் பேசாமல் இருந்தார். அதற்குள் மின்சாரம் போய்விட்டது. கணினியிலும் சார்ஜ் இல்லை. மறுநாள் அக்காள் கோவைக்குப் புறப்பட்டுவிட்டார்.

சென்ற வாரம் மாதிரித் தேர்வுக்காக நாங்கள் மூவரும் அவள் வீட்டில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தோம். கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எங்களிடம் அம்மா காப்பியை நீட்டிவிட்டு, "அந்தப் பையன் கடைசியில அவுங்க அம்மாகிட்டப் பேசினானா?" என்று கேட்டார். எங்களில் ஒருத்திக்குக் கதையின் முடிவு தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. மே விடுமுறைக்கு அக்காள் வரும்போது அவரே உட்கார்ந்து ஆடித் தெரிந்துகொள்ளட்டும் என்று இருக்கிறோம். அண்ணனையும் கூட உட்காரவைக்க முடியுமா என்று பார்க்கிறோம்.