காகிதம் கேட்கும் அதிகாரம் யாருக்கு?

தெருமுனையில் நின்று “கூலி வேலை உண்டா?” என்று கேட்பதே குற்றம், கேட்டவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம். அமெரிக்காவின் அரிஸோனா மாநிலம் 2010-ம் ஆண்டில் செய்த சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு இருந்தது. அனுமதியின்றிக் குடியேறியவர்களைக் கெடுபிடியால் சலிப்படையச் செய்து, தாமாகவே வெளியேறும்படி விரட்டுவதுதான் நோக்கம். அதை ஒளிக்காமல் சட்டத்திலேயே எழுதியும் வைத்தார்கள். அவ்வாண்டு ஏப்ரல் 23-ந் தேதி கவர்னர் ஜேன் புரூவர் அம்மையார் அதில் கையெழுத்திட்டார்.

அரிஸோனாவின் மனக்குறை முழுக்கப் பொய் என்று சொல்வதற்கில்லை. மெக்ஸிகோ எல்லையில் இருக்கும் மாநிலம் அது. எல்லையைக் காக்க வேண்டிய மத்திய அரசு காக்கவில்லை, செலவும் தொல்லையும் தங்கள் தலையில் விடிகிறது என்பது அதன் வாதம். குறை உண்மை என்பதற்காக, அதிகாரத்தைத் தானே கையில் எடுத்துக்கொள்ளலாமா என்பதே கேள்வி.

அவ்வாண்டு ஜூலை 6-ந் தேதி மத்திய அரசே மாநிலத்தின்மீது ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டது. சட்டம் அமலுக்கு வருவதற்கு முதல் நாள், ஜூலை 28-ந் தேதி, நீதிபதி சூசன் போல்டன் நான்கு முக்கியப் பிரிவுகளுக்குத் தடை விதித்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2012 ஜூன் 25-ந் தேதி நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பில் மூன்று பிரிவுகள் அடிபட்டுப் போயின. பதிவுக் காகிதம் கையில் இல்லாததை மாநிலக் குற்றமாக்கிய பிரிவு ஒன்று. வேலை கேட்பதைக் குற்றமாக்கியது ஒன்று. வாரண்ட் இல்லாமலே கைது செய்ய மாநிலப் போலீஸுக்கு அதிகாரம் தந்தது மற்றொன்று.

வேலை பற்றிய பிரிவுக்குக் கோர்ட் சொன்ன காரணம் தொழிலாளிகள் கவனிக்க வேண்டியது. 1986-ல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தபோது, அனுமதியில்லாதவரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் முதலாளிக்குத்தான் தண்டனை வைத்தது. வேலை கேட்டதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க வேண்டாம் என்று யோசித்தே விட்டுவிட்டது. காங்கிரஸ் வேண்டாமென்று விட்டதை மாநிலம் பொறுக்கி எடுத்துக் குற்றமாக்க முடியாது என்றது கோர்ட்.

நான்காவது பிரிவு தப்பிவிட்டது. வேறு காரணத்துக்காகப் போலீஸ் நிறுத்திய ஒருவர்மீது சந்தேகம் எழுந்தால் குடியேற்ற அனுமதி உண்டா என்று விசாரிக்க வேண்டும் என்ற பிரிவு அது. ரயிலில் ஏறியவரிடம் டிக்கெட் கேட்பதில் நியாயம் உண்டு, எல்லாரிடமும் கேட்கிறார்கள். ஆனால் தெருவில் போகிறவர்களில் யார்மீது சந்தேகம் வரும்? நிறத்தைப் பார்த்தும் பேச்சைக் கேட்டும்தானே வரும்? இந்தப் பிரிவுக்குப் பின்னால் ஓரளவு கடிவாளம் விழுந்தது. மத்திய அரசுக்கு முன்பே, 2010 மே மாதத்தில், தொழிற்சங்கங்களும் சிவில் உரிமை அமைப்புகளும் தனியாக ஒரு வழக்குப் போட்டிருந்தன. அதில் 2016-ல் ஏற்பட்ட சமரசத்தின்படி, குடியேற்ற விசாரணைக்காக மட்டும் யாரையும் நிறுத்தியோ பிடித்தோ வைக்கக் கூடாது என்று மாநில அட்டர்னி ஜெனரல் போலீஸுக்கு வழிகாட்டினார்.

2012 தீர்ப்பின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. குடியேறியவருக்கு உரிமை உண்டு என்று சொல்லி அந்த வழக்கு ஜெயிக்கவில்லை. இது மத்திய அரசின் அதிகாரம், மாநிலத்தினுடையது அல்ல என்பதுதான் தீர்ப்பு. அதே மத்திய அரசு மனம் மாறினால்? டெக்ஸாஸ் மாநிலம் 2023 டிசம்பரில் அரிஸோனாவையும் மிஞ்சும் சட்டம் செய்தது. 2024 ஜனவரியில் மத்திய அரசு அதை எதிர்த்து வழக்குப் போட்டது, தடையும் கிடைத்தது. வாஷிங்டனில் ஆட்சி மாறியபின், 2025 மார்ச்சில், அதே மத்திய அரசு வழக்கிலிருந்து விலகிக்கொண்டது. விலகாமல் நின்றவை தொண்டு அமைப்புகளும் எல் பாசோ கவுண்டி நிர்வாகமுமே. டெக்ஸாஸில் அனுமதியின்றி வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தை மறுத்த 1975-ம் ஆண்டுச் சட்டத்தை 1982-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளியதோ வேறு காரணத்தால். அந்தப் பிள்ளைகளும் சட்டத்தின் முன் சமமானவர்கள் என்றது அத்தீர்ப்பு. நான்குக்கு ஐந்து என்ற கணக்கில்தான் தப்பியது என்றாலும், அந்த அஸ்திவாரம் கெட்டியானது.

மும்பையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் தமிழர் அயல்நாட்டார் அல்லர். நாட்டில் எங்கும் குடியிருக்க அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்து உரிமை தந்திருக்கிறது. ஆயினும் மாநிலச் சட்டம் அவர்களையும் தொடக்கூடும். ஹரியானா 2020-ல் செய்த சட்டம், மாதம் 30,000 ரூபாய் வரை சம்பளமுள்ள தனியார் வேலைகளில் 75 சதவிகிதத்தை உள்ளூராருக்கு ஒதுக்கி, 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட் அதைச் செல்லாதென்றது. மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்றதோடு, அடிப்படை உரிமைக்கும் விரோதம் என்று அது தீர்ப்பளித்தது. ஹரியானா சுப்ரீம் கோர்ட்டுக்கு மேல்முறையீடு செய்தது. கர்நாடகத்தில் 2024 ஜூலையில் இதே ரீதியில் கிளம்பிய மசோதா, எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஹரியானா வழக்கைப் போட்டவர்கள் யார்? தொழிலதிபர் சங்கங்கள். கர்நாடகத்தில் உரக்கக் குரல் கொடுத்தவர்களும் அவர்களே. ஆள் கிடைக்காது என்பது அவர்கள் கவலை, நியாயமான கவலைதான். ஆனால் முதலாளிக்குச் சலுகை கிடைத்து அவர் சமாதானமாகிவிட்டால், வேலை இழப்பவரின் வழக்கை யார் நடத்துவது? வெளி மாநிலத் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு வசூலிப்பதில் ஒரு பங்கைச் சட்ட நிதியாக ஒதுக்கலாம். தொழிற்சங்கங்களோடு சேர்ந்து, இத்தகைய வழக்குகளில் தாங்களும் ஒரு கட்சிக்காரராகச் சேர மனுப் போட வேண்டும். அடுத்த மசோதா வரும் வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.