தானாய் வரும் சக்திக்கு விலை கொடுப்பவர் யார்?

"கொரோனாவுக்கு ஊசி எதற்கு? நோய் ஒரு தடவை வந்துபோனால் உடம்பே சக்தியை உண்டாக்கிக்கொள்ளாதா?" என்பதாக ஒரு வாதம் நம் ஜனங்களிடையே இன்னமும் நடமாடி வருகிறது. படித்தவர்களும் இதைச் சொல்லுவதால் சற்று யோசித்துப் பார்ப்பது அவசியமாகும்.

நோய் வந்து பிழைத்தவனுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது என்பது வாஸ்தவந்தான். ஆனால் அது பிழைத்தவனுக்கே ஒழிய, செத்தவனுக்கு அல்லவே! கிணற்றில் விழுந்து தப்பியவன் நீச்சல் கற்றுக்கொண்டான் என்பதற்காக, ஊரார் எல்லோரையும் கிணற்றில் தள்ளுவது புத்திசாலித்தனமாகுமா?

இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. பிரேசில் தேசத்தில் அமேசான் காட்டு நடுவே மனாவுஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. 2020 அக்டோபருக்குள் அங்கு முக்கால் பங்கு ஜனங்களுக்கு நோய் வந்துபோய்விட்டதென்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டார்கள். இனி அங்கு நோய் தலைகாட்டாது என்றே பலர் எண்ணினார்கள். நடந்ததென்ன? ஊசி போட ஆரம்பிப்பதற்கு முன்பே, உருமாறிய கிருமி வந்து ஆஸ்பத்திரிகளை நிரப்பிவிட்டது. 2021 ஜனவரி 14-ந் தேதி பிராணவாயு தீர்ந்து நோயாளிகள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். பலரை விமானத்தில் ஏற்றி வேறு மாகாணங்களுக்கு அனுப்ப நேர்ந்தது.

நம் ஊர்க் கதை மட்டும் என்ன? 2021 மே மாதத்தில் சென்னை அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில், நோயாளிகளோடு ஆம்புலன்ஸ் வண்டிகள் படுக்கைக்காக வரிசையாய் நிற்கவில்லையா? படுக்கை நிறைந்துவிட்டால் நஷ்டம் கொரோனா வந்தவனுக்கு மட்டுமல்ல. மார்வலி வந்தவனுக்கும், பிரசவ வேதனைப்படுகிற பெண்ணுக்கும் அதே வாசல்தான். ஆகவே "என் உடம்பு, என் இஷ்டம்" என்கிறவனுடைய கணக்கில் அடுத்த வீட்டுக்காரன் உயிரும் சேர்ந்தே இருக்கிறது.

நிற்க, ஊசியை ஒரு தாயத்து என்று நாம் சொல்ல வரவில்லை. ஊசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்தபோது அதை எல்லோரும் பார்த்தோம். கோவிஷீல்டு வகை ஊசியால் அபூர்வமாகச் சிலருக்கு இரத்தம் உறையும் கெடுதியும் உண்டாயிற்று. இவைகளை மறைப்பது பகுத்தறிவாகாது. ஆனால் கெடுதியை எண்ணுகிறவர்கள் நன்மையையும் எண்ணட்டும். ஊசி வந்த முதல் வருஷத்தில் மட்டும் உலகத்தில் 1 கோடியே 40 லட்சம் பேருக்கு மேல் அதனால் சாவிலிருந்து தப்பினார்கள் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

நோயும் சக்தி கொடுக்கிறது, ஊசியும் சக்தி கொடுக்கிறது. நோய் முதலில் கூலியை வாங்கிக்கொண்டு, உயிர் மிஞ்சினால் பிறகு கொடுக்கிறது. ஊசியோ இரண்டு நாள் காய்ச்சலோடு விட்டுவிடுகிறது. நாளைக்கு வேறொரு கொள்ளைநோய் வந்து, "வந்தால் வரட்டும்" என்று யாராவது உபதேசம் செய்தால், "வருவது யாருக்கு? நிறைவது யாருடைய படுக்கை?" என்ற இரண்டு கேள்விகளை மட்டும் அவர்களைக் கேளுங்கள்.